எட்டுக் காது

பாட்டு ஆல்பங்களுக்கு மார்க் போடுகிற எங்கள் இணையப் பக்கத்துக்கு 'எட்டுக் காது' என்று பெயர் வைத்தவர், மெத்தைக் கடை வைத்திருக்கும் மெத்தைக்காரர். நாங்கள் நாலு பேர், ஆளுக்கு இரண்டு காது. கணக்குச் சரியாக வந்ததால் எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உண்மையில் ஏழுதான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

என் இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது, காது திரும்பவில்லை. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கம்மல் போட்டால் வலது காதைவிட அதுதான் எடுப்பாக இருக்கும். "வெளிய சொல்லாத. சொன்னா எல்லாரும் அந்தக் காதைத்தான் பாப்பாங்க, உன்னைப் பாக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. அவள் சொன்ன எத்தனையோ விஷயங்களைக் காற்றில் விட்ட நான், இந்த ஒன்றை மட்டும் முப்பத்தோரு வருடம் தட்டாமல் காப்பாற்றினேன். தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில், இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பாதவள் திமிர் பிடித்தவள் என்று பேச்சு. அந்தப் பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது.

ஞாயிறு பிற்பகலில் நாலு பேரும் மெத்தைக்காரரின் கடை மாடியில் கூடுவோம். அங்கே சுவரோரம் கூரைவரை மெத்தைகள் அடுக்கியிருக்கும். அதனால் எதிரொலி என்பதே கிடையாது, பாட்டு பாட்டாக மட்டும் வரும். உட்காருவதும் மெத்தையில்தான். அசைந்தால் பிளாஸ்டிக் உறை கரகரக்கும் என்பதால் ஆல்பம் ஓடும்போது மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். நான் எப்போதும் இடது ஓர மெத்தையைப் பிடித்துக்கொள்வேன். எல்லோரும் எனக்கு வலது பக்கம் இருக்க வேண்டுமே. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் நான் முறைக்கும் முறைப்பில் எழுந்துவிடுவார்கள்.

மெத்தைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது. தலைமுடி தோள்வரை தொங்கும், உச்சியில் மட்டும் இருக்காது. வாலிபத்தில் ராக் குழுவில் கிதார் வாசித்தவர். டிரம்ஸ் சத்தம் வந்து தொப்பையில் முட்டினால்தான் அவருக்கு ஆல்பம். கணக்கு சார் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் நொடி பிசகாமல் நோட்டில் குறிப்பார், ஐந்து நிமிடம் தாண்டினால் முகம் சுருங்கிவிடும். ஹாரன் என்பவன் பஸ் டிரைவர், எங்களில் இளையவன். குரல் உடைந்து அழுகிற பாட்டென்றால் உயிரை விடுவான். என்னைக் கத்திரி என்பார்கள், ஆல்பங்களை நான் வெட்டுகிற வெட்டுக்காக.

அந்த வருடம் மட்டும் எவ்வளவு சண்டை. ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ஒரு தகரக் கொட்டகையில் ஒரே மூச்சில் பதிவு செய்த ஆல்பத்துக்கு மெத்தைக்காரர் எட்டு மார்க் போட்டார். நான் மூன்று போட்டேன். சத்தம் இருக்கிறது, கோபம் இல்லை, மிக்ஸி ஓடுகிற சமையலறையிலும் சத்தம் இருக்கிறது என்று எழுதினேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து ஒரு பெண் பாடி, கம்பெனி எதுவும் இல்லாமல் தானே வெளியிட்ட இண்டி ஆல்பத்துக்கு ஹாரன் பத்துக்குப் பத்து கொடுத்தான், சார் ஆறரை கொடுத்தார். அந்த அரை எதற்கு என்பதிலேயே அன்றைய பொழுது போயிற்று.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. யாருடைய வாரமோ அவர் மட்டும் புது ஆல்பத்தைத் தனியாகக் கேட்டு, வெள்ளிக்கிழமை விமர்சனமும் மார்க்கும் போட்டுவிட வேண்டும். மற்ற மூவரும் ஞாயிறுவரை அதைத் தொடக் கூடாது. ஞாயிறன்று பெரிய ஸ்பீக்கரில் சேர்ந்து கேட்போம், பிறகு ஒவ்வொருவராக மார்க் சொல்வோம். ஒருமுறை போட்ட மார்க்கை மாற்றக் கூடாது. இந்தக் கடைசி விதியை அடம்பிடித்துக் கொண்டுவந்தவள் நான்.

இனி, 'காலி அலமாரி' என்ற ஆல்பம் என் முறைக்கு வந்த வாரத்துக்கு வருகிறேன். போனில் ஒரு வசதி உண்டு. பாட்டின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து, இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிடும். குறையுள்ளவர்களுக்கான பகுதிக்குள் நாலு முறை அழுத்திப் போனால் கிடைக்கும். பழைய போனில் ஒரே ஒரு தடவை உள்ளே போய் அதைப் போட்டுவிட்டு, திருடி மாதிரி வெளியே வந்தேன். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அந்தப் போன், லென்ஸ் தீட்டும் மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. புதிது வாங்கினேன். எண்களை ஏற்றினேன், படங்களை ஏற்றினேன், அந்த ஒன்றை மறந்துவிட்டேன். பெரும்பாலான பாட்டுகளில் குரலை நடுவில் வைப்பார்கள், ஒரு காதில் கேட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது. புது இயர்போன் இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

'காலி அலமாரி', ஒரு கணவனும் மனைவியும் பிரிந்த பிறகும் சேர்ந்து நடத்துகிற குழுவின் மூன்றாவது ஆல்பம். எனக்குக் கேட்டது இதுதான். ஒரு பெண் கேள்வி கேட்கிறாள். சாவி யாரிடம் இருக்கிறது என்கிறாள். பிறகு நாலு வரி நேரத்துக்கு பாஸ் கிதார் மட்டும் நடக்கிறது. அடுத்த கேள்வி. மறுபடி வெறும் பாஸ். ஒன்பது பாட்டும் இப்படியே. கடைசிப் பாட்டில் அவள் கேட்பதுகூட இல்லை. ஒருமுறை மூச்சை இழுக்கிறாள், பாட வாயெடுக்கிறாள், பாடவில்லை. மூன்று நிமிடம் பாஸ் மட்டும் போய் நின்றுவிடுகிறது.

இரண்டு நாளில் நாலு தடவை கேட்டேன். பதில் வராத இடத்தை இவ்வளவு துணிச்சலாகக் காலியாக விட்ட ஆல்பம் இந்த வருடம் வேறு இல்லை என்று எழுதி, ஒன்பது மார்க் போட்டேன். நான் ஒன்பது போட்டது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலை மெஷினில் லென்ஸைப் பொருத்திவிட்டுப் போனை எடுத்தால், என் விமர்சனத்தின் கீழே இருநூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். பாட்டில் பாதி ஆண் குரல், அம்மணி அப்போது எங்கே போயிருந்தார் என்று ஒருவர். ஆல்பத்தைக் கேட்காமலே எழுதிய விமர்சனம் என்று பலர். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஆள் பதில் சொல்கிறானே, பதில் வராத இடம் எது என்று ஒருத்தி நிதானமாகக் கேட்டிருந்தாள். அவள் எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

இடது காதுக்கான இயர்போனை எடுத்து வலது காதில் வைத்தேன்.

அவன் இருந்தான். முதல் பாட்டிலிருந்தே இருந்திருக்கிறான். அவளுக்கு வலது பக்கம், அவனுக்கு இடது பக்கம் என்று ஆல்பத்தையே ஒரு வீட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறார்கள். நாலு தடவை நான் கேட்டபோதும் அவன் என் செத்த காதுக்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். மெஷின் தன் பாட்டுக்கு ஓடி லென்ஸின் ஓரத்தைத் தேவைக்கு மேல் தின்றுவிட்டது. முதலாளி திட்டினார். அவர் நின்றது வலது பக்கம், எல்லாம் கேட்டது.

மதியம் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இயர்போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. பாதி உண்மைதானே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சரி என்று ஒப்புக்கொண்டேன். பயம் இருந்தது, மறைப்பானேன். கடையில் என் கைக்குத்தான் சம்பளம், என் கருத்தை யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். அந்த மாடியில் மட்டும் நான் வாயைத் திறந்தால் மூன்று பேர் நோட்டை மூடிவிட்டுக் கேட்பார்கள். காது கேட்காதவள் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும். எனக்கென்று இருந்த ஒரே இடம் அது.

ஞாயிறன்று மாடிப்படி ஏறும்போதே பொய்யை நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. மெத்தைக்காரர் எனக்காக அதே பொய்யைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இயர்போன் கோளாறு காரணமாக இந்த விமர்சனத்தை நீக்குகிறோம், வருந்துகிறோம் என்று இரண்டு வரி. நான் தலையாட்டினால் போதும். நல்ல மனிதர்.

ஹாரன் ஆட்டவிடவில்லை. விதியை மீறிச் சனிக்கிழமையே அவன் ஆல்பத்தைக் கேட்டிருந்தான்.

"இயர்போனாவது ஒண்ணாவது. அக்கா கேக்கவே இல்லண்ணே. அந்தம்மா பாடுற வரியை மட்டும் எங்கயோ படிச்சுட்டு எழுதிட்டாங்க" என்றான்.

கணக்கு சார் அவனை அடக்குவார் என்று பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பழைய விமர்சனங்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது பக்கத்துக்கு நல்லது என்றார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது என்றும் சொன்னார். எண்ணி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

என்னை முட்டாள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். கேட்கவில்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை. பேருந்தில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் ஒற்றைக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, உதட்டைப் பார்த்து, பாதியை ஊகித்து, கழுத்து வலிக்க வலிக்கக் கேட்கிறவள் நான். இவர்களுக்கெல்லாம் சும்மா இருந்தாலே காதில் விழுகிறது.

"இயர்போன்ல ஒண்ணுமில்ல. என் இடது காது கேக்காது. ஏழு வயசுலேருந்து" என்றேன்.

கணக்கு சாரின் உதடு அசைந்தது. "அப்ப ஏழு" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிக்கத் தோன்றியது எனக்கு மட்டும்தான்.

அம்மா சொன்னது சரிதான். மூன்று பேரும் என் இடது காதையே பார்த்தார்கள். ஹாரன் மன்னிச்சிடுங்கக்கா என்று ஆஸ்பத்திரிக் குரலில் முனகினான். மெத்தைக்காரர் ஒவ்வொரு சொல்லாக, உரக்க, வாயை அகலத் திறந்து பேச ஆரம்பித்தார். இத்தனை வருடம் சாதாரணமாகப் பேசியபோது பதில் சொன்னவள்தானே நான், அது அவருக்கு மறந்துவிட்டது. கவலைப்பட வேண்டாம் என்றார். என் தமிழ் நன்றாக இருக்கிறதாம், அதனால் இனி மற்றவர்கள் எழுதுவதைத் திருத்திக் கொடுத்தால் போதுமாம். மார்க்கை அவர்கள் மூவரும் பார்த்துக்கொள்வார்களாம். என் பழைய விமர்சனங்களுக்குக் கீழே, யாரையும் புண்படுத்தாத மாதிரி ஒரு வரி சேர்த்துவிடலாமாம்.

எழுந்து நின்றேன்.

மெத்தைக்காரரிடம் ஆரம்பித்தேன். நாற்பது வருடம் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று உங்கள் காதில் மேல் சுரம் முழுக்கக் கரைந்துபோயிற்று, டிரம்ஸில் வெண்கலத் தட்டு அடிப்பது உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, அதனால்தான் எந்தப் புது ஆல்பமும் மந்தமாக இருக்கிறது என்கிறீர்கள் என்றேன். கீழே குக்கர் விசில் அடித்தால் உங்கள் மனைவி மாடியேறி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். சார் கடிகாரத்தைத்தான் கேட்கிறார், பாட்டை அல்ல. ஹாரன் இரண்டாவது பாட்டிலேயே அழ ஆரம்பித்துவிடுவான், மீதிப் பாட்டெல்லாம் அவன் மூக்கு உறிஞ்சுகிற சத்தத்தில் போகும்.

"எல்லாருக்கும் குறைக் காதுதான். எனக்கு மட்டும்தான் எவ்வளவு குறைன்னு தெரியும்" என்றேன். "எங்க கடையில கண்ணாடி வாங்கிட்டுப் போறவங்க பாத்ததை யாராவது செல்லாதுன்னு சொல்றாங்களா? விமர்சனம் அங்கயேதான் இருக்கும். மார்க்கும் இருக்கும். எந்த வரியும் கீழ சேர்க்கக் கூடாது. நான் கேக்காம எழுதல. உங்க மூணு பேரைவிடக் கஷ்டப்பட்டுக் கேட்டு எழுதினேன். இப்ப ஆல்பத்தைப் போடுங்க."

மெத்தைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே போய்ப் பாட்டைப் போட்டார்.

ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் சேர்ந்து அறைக்குள் வந்ததால், முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து பாடுவதைக் கேட்டேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் கேட்டாள். கடைசியாகப் பூட்டியவள் நீதானே என்று அவன் இனிமையாகச் சொன்னான். ஏன் கடிதம் போடவில்லை என்றாள். நீ வீடு மாறியது யாருக்குத் தெரியும் என்றான். நல்ல குரல், பழுத்த குரல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு கேள்வியையாவது அவன் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது. கடைசிப் பாட்டில் அவள் மூச்சை இழுத்தாள், பாடாமல் நிறுத்தினாள். அவன் மூன்று நிமிடமும் விடாமல் பாடினான். அவள் ஏன் நிறுத்தினாள் என்று இப்போது புரிந்தது. அந்த ஆளோடு வாழ்ந்தவள், வேறென்ன செய்வாள்.

ஆல்பம் முடிந்தது. மெத்தைக்காரர் ஏழு என்றார். சார் ஏழரை. ஹாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பதரை என்றான். சார் நோட்டை மூடப்போனார், யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"நாலு" என்றேன்.

ஏற்கெனவே ஒன்பது போட்டாயிற்று, மாற்ற முடியாது, விதி என்று சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாற்றவில்லை, இது இன்னொரு மார்க் என்றேன். மெத்தைக்காரர் தட்டச்சு செய்த தாளை வாங்கி, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதி அவர்களுக்கே படித்துக் காட்டினேன். "எனக்கு ஒரு காதுதான் கேட்கும். இந்த ஆல்பத்தை முதலில் அந்த ஒரு காதில், அவள் பக்கம் மட்டும் கேட்டேன். ஒன்பது. பிறகு இரண்டு பக்கமும் சேர்த்துக் கேட்டேன். அவன் வாயைத் திறந்தான், ஐந்து மார்க் போயிற்று. இரண்டும் என் மார்க், இரண்டும் இங்கேயே இருக்கும்."

ஒரு மணி நேரமாக ஆஸ்பத்திரிக் குரலில் இருந்த ஹாரனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மெத்தை கரகரக்க எழுந்துவிட்டான். அந்த ஆள் பாவமாம். அவனும் மனிதன்தானாம், கேட்டால் பதில் சொல்லக் கூடாதா என்றான். அவன் பதிலை எடுத்துவிட்டால் அவள் கேள்விக்கு என்ன அர்த்தம் என்றான். மெத்தைக்காரர் அவனோடு சேர்ந்துகொண்டார், வாயை அகலத் திறந்து பேசுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. முப்பத்தெட்டு நிமிட ஆல்பத்தில் ஆண் குரல் பதினோரு நிமிடம் நாற்பது நொடி வருகிறது, அதைத் தூக்கிப் போடு என்று சொல்வது அராஜகம் என்று சார் நோட்டைத் தட்டினார். நான் மூன்று பேருக்கும் பதில் சொன்னேன். பதில் சொல்லத் தெரிந்தவனெல்லாம் நல்லவனா என்றேன். உனக்கு அழுகிற ஆம்பளையைக் கண்டால் மனசு உருகிவிடும் என்று ஹாரனைக் குத்தினேன்.

கோபத்தில் அவன் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான். நடந்தவன் என் இடது பக்கம், எனக்கும் சுவருக்கும் நடுவே வந்து நின்று, கையை ஆட்டி என்னவோ சொன்னான். வலது பக்கம் இரண்டு பேர் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள், அவன் பேச்சு ஒரு சொல்லும் எனக்கு விழவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் முப்பத்தோரு வருடமாக நான் செய்வது ஒன்றுதான். ஏதோ புரிந்த மாதிரி உதட்டைச் சுழித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"இந்தப் பக்கம் வந்து திட்டுடா" என்றேன்.

தூக்கிய கை அப்படியே நிற்க, அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு மெத்தையைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, குனிந்து, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தான்.